கம்பி கரையேறிய இடம்

“கம்பி எங்க ராயபுரத்துலதான் கரையேறிச்சு சார். இதுல பேசறதுக்கு இன்னா கீது?” என்றார் சௌக்கத் அலி.

“ஏறுனது திருவொத்தியூர்ல. பாய் அத ராயபுரத்துக்கு இழுத்துட்டுப் போறாரு, பாத்துக்கிடுங்க,” என்றார் சாலமோன்.

பீம்ராவ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியுறவுத் துறையில் பல நாடுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பினாங்கிலிருந்து கடலடியில் சென்னைக்கு வந்த தந்திக் கம்பிக்கு நினைவுக்கல் வைக்க ஒரு குழு அமைத்திருந்தார்கள். அதற்கு அவர்தான் தலைவர். கல்லைச் சுற்றி ஒரு சின்னப் பூங்கா, விளக்குகள், பெஞ்சுகள். திறந்து வைக்கப் பினாங்கிலிருந்தே விருந்தினர்கள் வருகிறார்கள்.

கம்பி சரியாக எந்த இடத்தில் கரையேறியது என்பதற்குக் குழுவிடம் சான்று இல்லை. அதனால் மெரினாவிலேயே வைத்துவிடலாம் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. வடசென்னையிலிருந்து இரண்டு வியாபாரிகள் விடாமல் மனுப் போட்டுக்கொண்டே இருந்ததால், நேரில் போய் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் பீம்ராவ் அன்று ராயபுரத்துக்கு வந்தார்.

ஆறுதல் சொல்ல இடம் கிடைத்தால்தானே.

கயிறும் வலையும் விற்கும் சௌக்கத் அலி, துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, அந்தக் கம்பியில் மிச்சம் இதுதான் என்றார். மளிகை மொத்த வியாபாரியான சாலமோன் அதை ஒரு விரலால் தள்ளி, இது துறைமுகத்து லாரிச் சங்கிலி என்றார். பீம்ராவ், “மெரினாவில...” என்று ஆரம்பித்தார். சாலமோன் மேஜையைத் தட்டிய சத்தத்தில் அது அமுங்கிப்போனது.

அடுத்து எல்லோரும் காரில் திருவொற்றியூருக்குப் போனார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார மாட்டேன் என்றதால் பீம்ராவ் நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. கடலோரத்தில் இடிந்துகிடந்த சுவரைக் காட்டி, தந்தி ஆபீஸ் இருந்த இடம் என்றார் சாலமோன். அது உப்புக் கிடங்கு என்று சௌக்கத் அலி சிரித்தார். பீம்ராவ் மறுபடி வாயைத் திறப்பதற்குள், இருவரும் அவரைத் தாண்டிக்கொண்டு கத்த ஆரம்பித்திருந்தார்கள்.

பீம்ராவுக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் உற்சாகமாகவே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவரைத் தேடி வந்த முதல் தகராறு இது. இதைத் தீர்க்காமல் வீட்டுக்குப் போவதாவது?

இருவரையும் ஒரு டீக்கடையில் உட்காரவைத்துக் கதை சொன்னார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் கடலில் கம்பி போட்டது பெரிய காரியமில்லை, அதைக் கரையேற்றச் சம்மதம் வாங்கியதுதான் பெரிது என்றார். ஜாவாவில் டச்சுக்காரர்களிடம் கேட்க வேண்டும், சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம். சீனாக்காரர்களோ, கம்பி கடலில் கிடக்கட்டும், எங்கள் மண்ணில் ஏறக்கூடாது என்றுவிட்டார்கள்.

“அப்பால இன்னா பண்ணாங்க?” என்றார் சௌக்கத் அலி.

“துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலை நிறுத்தி, கம்பியோட முனையை அதுல வச்சுக்கலாம்னு பேசி முடிச்சாங்க. கம்பியும் வந்தது, சீனாக்காரங்க மானமும் போகல. நாமளும் அப்படி ஒரு வழி பார்ப்போம். ராயபுரமும் வேண்டாம், திருவொற்றியூரும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல, தண்டையார்பேட்டைக் கடலோரம்.”

இருவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். கல்லில் யார் ஊர்ப் பெயர் முதலில் வரும் என்று சாலமோன் கேட்டார். ஒரு பக்கம் ஒரு பெயர், மறுபக்கம் இன்னொரு பெயர் என்றார் பீம்ராவ். பெஞ்சு எந்தப் பெயரைப் பார்த்திருக்கும் என்று சௌக்கத் அலி கேட்டார். கடலைப் பார்த்திருக்கும் என்றார் பீம்ராவ். கடைசியில் ஆளுக்கொரு திசையில் பார்த்தபடி கை குலுக்கினார்கள்.

பீம்ராவ் அங்கிருந்தபடியே குழு உறுப்பினர்களைப் போனில் கூப்பிட்டார். இரண்டு ஊர்ச் சண்டையைத் தீர்த்துவிட்டேன், கல் தண்டையார்பேட்டைக்கு வருகிறது என்றார். மறுமுனையில் ஆளாளுக்குப் பாராட்டினார்கள். உங்களால்தான் சார் இது முடியும் என்றார் ஒருவர். பீம்ராவுக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

சாலமோன் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். கொஞ்சம் தள்ளிப் போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்த சௌக்கத் அலி, வூட்டாண்ட வந்து ஒரு வாய் டீ சாப்பிட்டுத்தான் போகணும் என்று ராயபுரத்துக்கே அழைத்துப் போனார். தெருமுனையில் பிஸ்கட் வாங்க நின்றவர், மூன்றாவது வீடுதான், நீங்க முன்னால போங்க சார் என்றார்.

கதவைத் திறந்தது அவர் மனைவி மலிகா. கல் விஷயமாக வந்திருக்கிறேன் என்று பீம்ராவ் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

“வாங்கண்ணே, உள்ள வாங்க. நீங்களும் நம்ம வியாபாரி சங்கமா? கல்லு நம்ம பக்கமே வந்துடுச்சுன்னு இப்பதான் போன்ல சொன்னாரு.” தெருவை எட்டிப் பார்த்தார். “சாலமோன் அண்ணன் வரலியா? ஒரு வாரமா ரெண்டு பேரும் இங்கதான் குந்திகினு சண்ட போட்டுப் பழகினாங்க. ராயபுரமா, திருவொத்தியூரான்னே அந்த ஆபீசரு மண்டைய ஒடைச்சிக்கணும், மெரினாங்கற நெனப்பே அவருக்கு வரக்கூடாதுன்னு.”