எத்தனை மூட்டை வேணும்?

"நீங்க வாயத் திறக்காம இருந்தாப் போதும், இந்தச் சம்பந்தம் தானா முடிஞ்சிரும்" என்றாள் மதீனா, கணவர் ஷேக் மைதீனிடம்.

"ஏன், என் வாய்க்கு என்ன குறைச்சல்? வர்றவுக மலையாளத்துக்காரக. இந்த வீட்ல என்னைய விட்டா அவுககிட்டப் பேச யாரு இருக்கா?"

ஷேக் மைதீனுக்குக் கம்பத்தில் அரிசி மண்டி. குமுளி மலை ஏறி எஸ்டேட்டுகளுக்கு நாலு தடவை லோடு இறக்கியதில் மலையாளம் முழுசாக வந்துவிட்டது என்று அவருக்கு ஒரு நினைப்பு. உண்மையில் மலையாளம் தெரிந்தவள், கோட்டயத்தில் படித்துவிட்டு வந்த மகள் ஷர்மின்தான். ஆனால் பெண் பார்க்க வருகிற நேரத்தில் பெண்ணையே மொழிபெயர்க்கச் சொல்ல முடியுமா?

கூடப் படித்த அஷ்ரபைத்தான் கட்டுவேன் என்று அவள் ஒரு வருடமாகப் பிடிவாதம். பையனின் வாப்பா ஹம்ஸா, முதலில் குடும்பத்தைப் பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன் என்று இன்றைக்குத் தொடுபுழாவிலிருந்து தனியாக வந்து இறங்கினார். வாய் நிறையச் சிரிப்பு. மதீனாவுக்குப் பாதி உயிர் வந்தது.

ஷேக் மைதீன் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், போன வாரம்தான் ஏலத்தில் எடுத்துப் போட்ட சோபாவில் உட்கார வைத்தார். சேமியா பாயசம் வந்தது. பத்து நிமிடம் நல்லபடியாகத்தான் போயிற்று.

அப்புறம் ஹம்ஸா நெளிந்தார். சோபாவின் தையலை விரலால் தடவினார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றுகொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இவிட... மூட்ட உண்டல்லோ?"

ஷேக் மைதீனின் முகம் மலர்ந்தது. வந்ததும் வராததுமாகத் தொழிலைப் பற்றியல்லவா விசாரிக்கிறார்!

"உண்டாவா? மூட்டைக்கு நம்ம வீட்ல என்னங்க பஞ்சம்!"

ஹம்ஸா திடுக்கிட்டார். "எல்லா முறியிலும் உண்டோ?"

"முறின்னா ரூமு" என்று திரைக்குப் பின்னால் நின்ற மதீனாவுக்குப் பெருமையாக விளக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினார். "எல்லா ரூம்லயும் இருக்கு சம்பந்தி. மண்டியில இடம் பத்தல, அதான் இங்கனயும் கொண்டாந்து வச்சிருக்கோம்."

"கொண்டுவந்தோ?" என்றார் ஹம்ஸா. "எத்ர காலமாயி?"

"மூணு தலைமுறையா! எங்க வாழ்க்கையே இந்த மூட்டைதான்."

"மருந்து அடிச்சில்லே?"

"மருந்தா! சத்தியமா கிடையாது. நம்ம சரக்கு மருந்தே காணாதது. அதுக்காகவே தேனியிலருந்து தேடி வந்து வாங்கிட்டுப் போறாக."

"ஆளுகள்... காசு கொடுத்து வாங்ஙுமோ?"

"வரிசையில நின்னு வாங்குவாக!"

ஹம்ஸா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லி எவ்வளவு வற்புறுத்தியும் உட்காரவில்லை. "வெயிலத்து இட்டால் போதுமல்லோ?" என்றார், ஏதோ யோசனை சொல்வது போல.

"அதெல்லாம் இடாம இருப்பமா? வெயில் காட்டி எடுத்து, பத்திரமாத் திரும்ப உள்ள கொண்டாந்து வச்சிருவோம்ல."

"உறக்கம் கிட்டுமோ?"

"மூட்டை பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு உறக்கமே வரும்!"

திரைக்குப் பின்னாலிருந்து மதீனா கையைக் காட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். மனிதர் நின்றால்தானே?

"நிக்காஹ் முடியட்டும் சம்பந்தி, மாசாமாசம் பத்து மூட்டை உங்க வீட்டுக்கு வந்துரும். எத்தனை வேணும்னு சொல்லுங்க, போதும்!"

"அய்யோ! வேண்டா, வேண்டா!" என்று இரண்டு அடி பின்னால் போனார் ஹம்ஸா. ஷேக் மைதீனையே வியப்பாகப் பார்த்தார். பிறகு அருகில் வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இங்ஙனெ ஒரு மனுஷனை ஞான் கண்டிட்டில்லா" என்றார். சட்டையையும் வேட்டியையும் நன்றாக உதறிவிட்டுக் காரில் ஏறினார்.

சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கெடுத்திட்டீகளே! ஒரு இடத்துல உக்காரக்கூட முடியாம ஓடுறாரு மனுசன்" என்று மதீனா மூக்கைச் சிந்தினாள்.

"நீ ஒண்ணு! சீரே வேண்டாங்குறாக, எவ்வளவு பெரிய மனசு!" என்றாலும், ஷேக் மைதீனுக்கும் மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

அரை மணி நேரம் கழித்து உள்ளறையில் ஷர்மினின் போன் அடித்தது. அஷ்ரப்தான். அடுத்த நிமிடம் அவள் சிரிக்கும் சத்தம் தெருவரை கேட்டது. கண்ணில் நீர் வழிய ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தா, அவுக வாப்பாவுக்குச் சம்மதமாம்! வீட்டுக் குறையை இவ்வளவு வெளிப்படையா, ஒளிவுமறைவு இல்லாமச் சொல்ற மனுசனை அவுக பாத்ததே இல்லையாம். இந்தக் குடும்பத்துலதான் பொண்ணு எடுக்கணும்னு சொல்லிட்டாகளாம்!"

"நான் என்னம்மா குறையச் சொன்னேன்?"

"பொண்ணை மட்டும் அனுப்புனாப் போதுமாம். மூட்டை மட்டும் ஒண்ணுகூட வந்துரக் கூடாதாம்."

"ஏன்? நம்ம அரிசிக்கு என்ன?" என்று ரோஷப்பட்டார் ஷேக் மைதீன்.

"அரிசிய யாரு கேட்டா? சோபா தையல்ல மிளகுத்தூள் தூவுன மாதிரி கறுப்புப் பொட்டு, அவுக கையில வரிசையா மூணு தடிப்பு, அதைப் பாத்துட்டுத்தான் கேட்டுருக்காக" என்றாள் ஷர்மின், சிரிப்பை அடக்க முடியாமல். "மலையாளத்துல மூட்டன்னா மூட்டைப்பூச்சி, அத்தா!"