டிராகனின் கடைவாய்ப் பல்

“நீங்க போங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்று மூன்றாவது ஆளுக்கும் வழிவிட்டுவிட்டு, பல் மருத்துவமனையின் நாற்காலியில் சாய்ந்துகொண்டார் ஓவியர்.

“சார், உங்களத்தான் கூப்பிட்டாங்க. போன தடவ மாதிரி பாதியில போயிடாதீங்க” என்றாள் வரவேற்பு மேஜையில் இருந்த பெண்.

“இருக்கட்டும்மா. பாவம், அவங்களுக்கு வலி.” பெருந்தன்மையாகச் சொன்னாலும், அவருடைய வலது கன்னமும் பந்து போல உப்பித்தான் இருந்தது.

நாளைக்குப் புத்தக விழா. அவர் படம் வரைந்த டிராகன் புத்தகத்தை மேடையில் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். உறுமலோடு வாசிக்க வேண்டும் என்று பதிப்பாளர் வேறு கேட்டிருந்தார். “உங்க வாயில ‘நெருப்பு’ எல்லாம் ‘நெழுப்பு’ன்னு வருது” என்று காலையில்தான் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் இப்போது அவருக்கு வலியே மறந்துபோயிருந்தது. எதிர் நாற்காலியில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தரையைத் தொடாத கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சோடு அணைத்திருந்தது சாட்சாத் அவருடைய டிராகன் புத்தகம். பெற்றவர்கள் யாரையும் பக்கத்தில் காணோம்.

பாவம், பல் பிடுங்கப் பயம் போலிருக்கிறது. பயந்த குழந்தைக்குப் பற்றிக்கொள்ளத் தன் டிராகன் கிடைத்திருக்கிறதே என்று ஓவியருக்கு நெஞ்சு விம்மியது. தன் புத்தகத்தை ஒரு வாசகர் கையில் அவர் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சொந்தக்காரர்கள் கையில் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. அவையெல்லாம் அவரே கொண்டுபோய்த் திணித்தவை.

எழுந்துபோய் அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்தார்.

“அது ஆடும், அங்கிள். இந்தப் பக்கம் உக்காருங்க” என்றாள் சிறுமி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உட்கார்ந்தார். “புத்தகம் நல்லாருக்கா பாப்பா?”

“ஒத்தைக் கொம்புக் குதிரை நல்லாருக்கு. பாதி கழுகு, பாதி சிங்கமா ஒண்ணு வருமே, அதுவும் பரவால்ல. டிராகன்தான் வயித்து வலி வந்த மாதிரி நிக்குது.”

ஓவியருக்குச் சுருக்கென்றது. அந்த டிராகன் அப்படி ரௌத்திரமாக நிற்பதற்காகத்தான் அவர் மாதக்கணக்கில் சோறு தண்ணீர் மறந்து தவம் கிடந்தார்.

“சரி, அத வரைஞ்சது யாருன்னு தெரியுமா?”

“தெரியலையே. பேர எறும்பு சைஸுல போட்டிருக்காங்க.”

“நான்தான்.”

சிறுமி அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். உப்பிய கன்னத்தில் பார்வை சற்று நின்றது. “நெஜமாவா? அப்ப வரைஞ்சு காட்டுங்க.”

சொன்ன கையோடு இறங்கிப் போய், வரவேற்பு மேஜையின் இழுப்பறையைத் திறந்து பென்சிலும் தாளும் எடுத்துவந்தாள். மேஜைப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஓவியர் வரைய ஆரம்பித்தார். நடுவில் உள்ளேயிருந்து கூப்பிட்டபோது நாலாவது ஆளையும் அனுப்பிவைத்தார். ரசிகையைப் பாதியில் விட்டு எழுவது கலைஞனுக்கு அழகா?

“வாய் இன்னும் பெருசா இருக்கணும், அங்கிள். கடைசிப் பல்லே தெரியல” என்றாள் சிறுமி. “டிராகன் எப்படி வாயத் திறக்கும்? செஞ்சு காட்டுங்க.”

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு லேசாகத் திறந்தார்.

“இது டிராகன் கொட்டாவி.”

மானப் பிரச்சினையாகிவிட்டது. ஓவியர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குகை மாதிரி வாயைப் பிளந்து ஓர் உறுமல் உறுமினார். மூலையில் இருந்த பெரியவர் செய்தித்தாளைக் கீழே போட்டார். சிறுமி மட்டும் அசராமல் எட்டி வாய்க்குள் பார்த்துத் தலையாட்டினாள். “இப்ப சரி.”

“அடுத்தவங்க வரலாம்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சிறுமி புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டில் ஓர் உள்ளங்கை சில்லிட்டு வியர்த்திருந்தது. அவளுடையதாகத்தான் இருக்கும் என்று ஓவியர் முடிவு செய்தார்.

“பயமா இருக்கா பாப்பா?”

“உள்ள பெரிய நாற்காலி இருக்கு, அங்கிள்.”

“இருந்தா இருக்கட்டும். டிராகனுக்கே கடிவாளம் போட்டவன் கூட வரேன், உனக்கென்ன பயம்? வா!”

உள்ளே டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார். சிறுமி நாற்காலியைப் பார்த்தாள், ஓவியரைப் பார்த்தாள், தயங்கினாள். “மொதல்ல நீங்க உக்காந்து காட்டுங்க, அங்கிள்.”

ஒரு குழந்தைக்காக மனிதன் இதைக்கூடச் செய்யமாட்டானா? ஓவியர் கம்பீரமாக ஏறி உட்கார்ந்து, காலையும் நீட்டிக் காட்டினார். “பாத்தியா? சோபா மாதிரி சொகமா இருக்கு. இதுக்குப் போயி யாராவது பயப்படுவாங்களா?”

சிறுமி குனிந்து பார்க்காமலேயே நாற்காலிக்கு அடியில் இருந்த பொத்தானைக் காலால் அழுத்தினாள். நாற்காலி சரேலென்று பின்னால் சாய்ந்தது. ஓவியரின் தலை கீழே போய், இரண்டு கால்களும் மேலே வந்தன.

அவள் கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

“அம்மா, ஊசிய எடு! இந்தத் தடவ ஓட மாட்டாரு!”