பச்சை ரப்பர் செருப்பு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொல்ற விஷயமில்ல இது.

நான் சோயாப் பாலைத் திரட்டி டோஃபு விக்கிறவன். என் பொண்ணு சிஹாருவைக் கேட்ட இடமோ நாரா ஊரிலேயே பழைய குடும்பம். "ஒரு நாள் வாங்க, கோயிலெல்லாம் சுத்திப் பார்ப்போம்"னு பையனோட அம்மா ஹிசனோ கூப்பிட்டாங்க. கோயிலைப் பார்க்கவா? எங்களைப் பார்க்கத்தான்.

ரயிலை விட்டு இறங்கினதிலிருந்தே என் பெண்டாட்டி தோமியேவைப் பாடாய்ப் படுத்தினேன்.

"அந்த மானைப் பாரு, பிஸ்கட்டுக்கு எவ்வளவு அழகாக் குனிஞ்சு வணக்கம் சொல்லுது! நீ குனியறதும் இருக்கே..."

"அதுக்குப் பிஸ்கட் கிடைக்குது. எனக்கு?"

"வாய்! கோயில் கக்கூஸுக்குள்ள மட்டும் போடறதுக்குன்னு வச்சிருக்கிற செருப்பை அங்கேயே விட்டுட்டு வா. மறந்து மாட்டிக்கிட்டு வெளியே வந்தே, இந்தச் சம்பந்தமே போச்சு."

ஹிசனோ அம்மா காலையிலிருந்து சிரிக்கவே இல்லை. நிமிர்ந்த முதுகு, அளந்த பேச்சு.

மதியம் ஒரு கோயில். பளபளன்னு மரத் தாழ்வாரம், எதிரே மணல் தோட்டம். நான் கக்கூஸுக்குப் போயிட்டு வந்து, மணல்ல இழுத்த கோட்டுக்கெல்லாம் கூட வந்திருந்த மாப்பிள்ளைப் பையனுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சேன். தெரிஞ்சது கொஞ்சம், அவிழ்த்துவிட்டது நிறைய. சுத்தி நின்னவங்க வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டாங்க. பக்தின்னு நினைச்சேன்.

ஹிசனோ அம்மா மட்டும் தரையைப் பார்த்தாங்க. "இதோ வந்துடறேன்"னு நழுவினாங்க. போன வேகத்துல திரும்பியும் வந்தாங்க.

கால்ல கக்கூஸ் செருப்பு! பச்சை ரப்பர். மேலே வெள்ளையா 'கழிவறை'ன்னு எழுத்து.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிச்சு. தோமியே காதுல, "பாத்தியா, பெரிய குடும்பத்து லட்சணத்தை?"ன்னேன்.

அவ பல்லைக் கடிச்சா. "என்னங்க, முதல்ல உங்க காலைப் பாருங்க."

பார்த்தேன். பச்சை ரப்பர். 'கழிவறை.'

"அதைப் பார்த்துட்டுத்தான் அவங்க உள்ளே போனாங்க."

போச்சு, என் பொண்ணு கல்யாணத்தை நானே மிதிச்சுட்டேன்.

அப்பத்தான் ஹிசனோ அம்மா அன்னைக்கு முதல் தடவையாச் சிரிச்சாங்க. தாழ்வாரம் பூரா கேட்கிற மாதிரி, "அடடா, என் காலைப் பாருங்களேன்! வாங்க சம்பந்தி, ரெண்டு பேருமே போய் மாத்திக்கிட்டு வந்துடுவோம்"னாங்க.

சொல்லிட்டு, எல்லார் கண்ணும் தன் கால்மேலேயே இருக்கட்டும்னு, அந்தச் செருப்பைச் சளக் சளக்னு அடிச்சுக்கிட்டு எனக்கு முன்னால நடந்தாங்க.