முதலில் வெளியே போனவன்

ஆராயி மூன்றாவது தடவையாகக் கட்டைவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தாள். மூன்றாவது தடவையும் ரேகை விழவில்லை.

நீலமாக ஒரு திட்டு விழுந்தது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக மரக்காணம் உப்பளத்தில் உழைத்த விரல். அதிலிருந்த கோடுகளையெல்லாம் உப்பு எப்போதோ தின்றுவிட்டிருந்தது.

பரவாயில்லை, இதுவே போதும் என்று காசிலிங்கம் காகிதத்தை வாங்கி ஊதி ஊதி உலர்த்தினார்.

அவர் கல்லூரியில் கபடி சொல்லிக்கொடுப்பவர். கையிலிருந்தது தனகோடிக்கான காகிதம்.

தனகோடி மூச்சுப் பிடித்துப் பாடிப் போனால் எதிர்க்கட்சியில் இரண்டு பேரையாவது வெளியேற்றாமல் திரும்ப மாட்டான். அப்பேர்ப்பட்டவன் போன வருடம் சாராயத்தைக் குடித்துவிட்டு, விடுதியில் நடந்த சண்டையில், ஹாக்கி மட்டையால் தன் அணிக்காரன் ஒருவனின் முழங்காலை உடைத்துவிட்டான். கல்லூரி அவனை நீக்கியது.

உடைந்த முழங்கால் ஆராயியின் மகன் கொளஞ்சியுடையது.

வருகிற சனிக்கிழமை போட்டி. அடிபட்டவனைப் பெற்றவளுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் தனகோடியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார்.

காசிலிங்கம் கெட்ட மனிதர் இல்லை. ஒரு நாள் செய்த தப்புக்காக இருபது வயதுப் பையனின் ஆயுசையே பாழாக்குவதா, திருந்த ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டாமா என்று பிரின்சிபால் அறையில் தொண்டை கம்மப் பேசினார். மனதாரத்தான் பேசினார். பத்து மாதமாக வராத அந்த இரக்கம் போட்டித் தேதி தெரிந்த பிறகு வந்தது என்பது வேறு விஷயம்.

ஆராயியிடம் அந்தப் பேச்சுக்கு வேலையே இருக்கவில்லை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்ததில் பாதியைக்கூட அவர் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எங்கே வைக்கணும் என்று கேட்டுவிட்டாள்.

இவ்வளவு பெரிய மனசா என்று அவருக்குக் கண் கலங்கிப்போனது.

உப்புப் பாத்திக் கரையில் வழுக்காமல் நடக்க வேண்டுமே என்று கழற்றி வைத்திருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். கிளம்பினால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

ஆராயி விடவில்லை. கொட்டகைக்குள் ஓடிப்போய், சோற்றுப் பையிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கடிதம் ஒன்றை எடுத்து வந்தாள். கல்லூரி முத்திரை அவருக்குத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது.

"முட்டி ஆறிப்போச்சு சார், இப்ப நல்லா நடக்கிறான். நீங்க எழுதுன மாதிரியே, தனகோடிக்கு முன்னாடி எம்புள்ளயச் சேத்துக்குவீங்கல்ல?"

என்ன எழுதினேன் என்று காசிலிங்கம் விழித்தார். சார் மறந்துவிட்டாரே என்று ஆராயி சிரித்தாள்.

கொளஞ்சிதான் படித்துக் காட்டினானாம். சடுகுடுவில் முதலில் வெளியே போனவன்தான் முதலில் உள்ளே வரணும், அதுதான் ஆட்டத்தின் சட்டம், உன் கால் ஆறட்டும், விடுதியில் உன் இடம் உனக்கே என்று சார் இங்கிலீஷில் எழுதியிருக்கிறாராம். மகன் படிப்பு என்ன ஆச்சு என்று உப்பு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் கேட்டால்கூட அவள் இதைத்தான் எடுத்து நீட்டுவாள். அவர்களில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

தன் மகனுக்கு அடுத்ததாகத்தானே தனகோடி வெளியே போனான். இவன் போகும்போது அவனும் கூடவே வரட்டுமே, அவனைப் பெற்றவளும் பாவம்தானே என்றாள் ஆராயி.

காசிலிங்கம் கடிதத்தைப் பிரித்தார்.

கீழே அவருடைய கையெழுத்துத்தான். மேலே டைப் அடித்த இரண்டு வரி. ஆடத் தகுதி இழந்தவர்களுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடையாது. பெட்டியை உடனே எடுத்துச் செல்லவும்.

இதில் கையெழுத்துப் போட்ட அன்று அவருக்குத் தொண்டை கம்மவில்லை. கடிதம் அனுப்பியதே இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நிமிர்ந்து பார்த்தார்.

நாலு பாத்தி தள்ளி, உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு கொளஞ்சி நின்றிருந்தான். வலது கால் மடங்காமல் விறைப்பாக ஒதுங்கி நின்றது. சார் வந்ததைப் பார்த்தும் அவன் கிட்டே வரவில்லை. இப்போது கடிதத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அம்மாவுக்குத் தெரியாமல், வேண்டாம் சார் என்பதுபோலத் தலையை மெதுவாக ஆட்டினான்.

"ஒரே ஒரு தடவ உங்க வாயால படிங்க சார், கேக்கணும்."

ஆராயி காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டு தயாராக நின்றாள்.

காசிலிங்கம் கைநாட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். செருப்பைக் கீழே போட்டார். பஸ் போனால் போகட்டும். கொளஞ்சி சொன்னதையே தன் வாயாலும் சொல்லிவிட்டால் பிறகு சொன்னபடி செய்தாக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

இரண்டே வரி இருந்த அந்தக் கடிதத்தை அவர் வெகுநேரம் படித்தார்.