ஜன்னலுக்கு ஒரு திரை

சாயங்கால வெயில் தெருவோர அறைக்குள் சாய்ந்து விழுகிறது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே தெரு முழுக்கப் புதுப் பொருட்கள் கட்டிலுக்கு அடியில் போகின்றன. உதவித்தொகையில் என்ன வாங்கினார்கள் என்று அதிகாரி பார்க்க வரும் நாளில் எல்லா வீடும் கொஞ்சம் கூடுதலாக ஏழையாகிவிடும். "அண்ணி, அந்தத் திரையைக் கழட்டித் தொலைங்க. அடுத்த மாசம் பணம் நின்னா பட்டினிதான்" என்று நாத்தனார் முக்காலியில் ஏறுகிறாள். அண்ணி அவள் கையைப் பிடித்து இறக்கிவிடுகிறாள். பூப்போட்ட மஞ்சள் துணியில் கடையின் மடிப்புக் கோடுகள் இன்னும் மறையவில்லை. அதிகாரி வழக்கம்போல வாசலுக்குப் போகாமல் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்க்கிறார். அடுப்பு, பாத்திரங்கள், தூங்கும் குழந்தை, கடைசியில் திரை. "சாப்பாட்டுக்குக் கொடுத்த பணம்மா இது. யாரைக் கேட்டு இதை வாங்கினே?" "கடைக்காரரைக் கேட்டேன் சார். கொஞ்சம் குறைச்சுத் தந்தார்." நாத்தனார் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்கிறாள். அவர் சிரிக்கவில்லை. "நான் மேல எழுதினா பணத்தை நிறுத்திடுவாங்க, தெரியுமில்ல?" "தெரியும். எழுதுங்க. நான் துணி மாத்துறப்போ தெருவே பாக்குதுன்னும் சேர்த்து எழுதுங்க." அண்ணி அவர் முகத்துக்கு நேராகத் திரையை இழுத்து மூடுகிறாள். அறை மஞ்சளாகிறது. "மிச்சத்தையும் பாக்கணும்னா கதவு அந்தப் பக்கம் இருக்கு சார். தட்டுங்க." வெளியே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் இல்லை. சற்றுக் கழித்து, கதவு மெதுவாக ஒரே ஒரு தரம் தட்டப்படுகிறது.