ஒரே ஒரு நிலுவை

அந்த அலுவலகத்தில் ஒரு மனு மேசை விட்டு மேசை போக ஒரு மாதம் ஆகும்.

"எதுக்கு ஒரு மாசம்? ஒரே நிமிஷத்துல நகர்த்திக் காட்டட்டுமா?" என்றது புதிதாக மாட்டப்பட்ட மின்விசிறி.

"காட்டுங்க, பார்ப்போம்," என்றது அங்கே அதிகாரியாக இருந்த ரப்பர் முத்திரை.

கண்ணாடி பேப்பர் வெயிட் குறுக்கிட்டது. "ஐயா, ஜன்னல் திறந்திருக்கு."

"புதுசா எது வந்தாலும் உங்களுக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருக்கும்," என்றது முத்திரை.

விசிறி முழு வேகத்தில் சுழன்றது. மனுக்கள் மேசை மாறின, அறை மாறின, கடைசியில் ஜன்னல் வழியாகச் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்று வருடமாக அலைகிற செல்லாயியின் பட்டா மனுவை மட்டும் பேப்பர் வெயிட் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கி உட்கார்ந்திருந்தது.

மாலையில் முத்திரை சுற்றிப் பார்த்தது. மேசைகளெல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருந்தன. விசிறிக்குப் பாராட்டுக் கடிதம் போனது. 'நிலுவை ஒன்றே ஒன்று, அதுவும் உங்களால்' என்று பேப்பர் வெயிட்டுக்கு மெமோ வந்தது.

விசிறி இன்னும் நிற்கவில்லை. மெமோ பறந்துவிடக் கூடாதென்று, பேப்பர் வெயிட்டைத் தூக்கி அதன்மேல் வைக்கச் சொன்னது முத்திரை.

தூக்கினார்கள். நிலுவை தீர்ந்தது.