ஒப்பித்த பதில்

“ஒரு சந்தேகத்தத் திரும்பக் கேட்டா, இங்க எரிஞ்சு விழுவாங்களா சார்?”

கேட்க நினைத்திருந்த மற்றக் கேள்விகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வெண்ணிலா இதைத்தான் கேட்டாள்.

எம்.பி.பி.எஸ். முடித்தவள் அவள். அவசர சிகிச்சையில் மேற்படிப்புக்கு அவளுடைய மதிப்பெண்ணுக்கு எட்டக்கூடிய கல்லூரிகள் இரண்டு. ஒன்று சென்னையில், பெரும் பெயர் பெற்றது. மற்றொன்று வில்லியனூர்ப் பக்கம், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் இந்தக் கல்லூரி. எது முதல் விருப்பம் என்பதை நாளைக்குள் இணையத்தில் பூட்டிவிட வேண்டும். பூட்டியபின் மாற்ற முடியாது. படிப்பு முடியும்வரை வாழ்க்கை அங்கேதான். அதற்கு முன் இடத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று, பண்டசோழநல்லூரிலிருந்து அண்ணன் குமரவேலின் பைக்கில் காலையில் கிளம்பியிருந்தாள். அண்ணனை இன்னும் காணோம். வண்டியை நிறுத்தப் போயிருப்பான் போல.

எதிரே நின்றிருந்த அருள்முருகன் இங்கே இரண்டாமாண்டு படிக்கும் டாக்டர். அவளுடைய வலக் கண்ணையும் இடக் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல் பதில் சொன்னார்.

“மாட்டாங்க வெண்ணிலா. இங்க கேட்டவங்கள யாரும் திட்டறதில்ல. கேக்காம ஊசி போட்டவங்களத்தான் திட்டுவோம்.”

நல்ல பதில். அந்தக் குரலில் ஓர் இதம் இருந்தது. பச்சைத் திரைச்சீலை காற்றில் உப்பித் தணிந்தது, ஏதோ ஓர் ஏரி உறக்கத்தில் மூச்சு விடுவதுபோல. அதற்கு அப்பால் ஒரு கருவி விட்டுவிட்டுக் கூவியது. நடவு வயலில் எங்கோ ஒரு பறவை கூவுவதாகவே அவளுக்குக் கேட்டது. வெளிச்சம் விளிம்பில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. கவுன்சலிங் தொடங்கியதிலிருந்து சரியான தூக்கமில்லை. அதனால்தான் எல்லாம் இப்படி மிதக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். விரல்களை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் இரண்டு நெல்மணிகள் ஒட்டியிருந்தன. கனவிலிருந்து எடுத்து வந்தவைபோல.

அவளுக்கு அந்தப் பதில் உண்மையாக இருந்தாக வேண்டும். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, மருந்தின் அளவை இரண்டாம் முறை கேட்டதற்காக ஒரு சீனியர், நோயாளியின் முன்னாலேயே கேஸ் ஷீட்டை அவள் முகத்தில் வீசியிருந்தார். அன்றிலிருந்து சந்தேகங்களை விழுங்கிவிட்டு, ஒவ்வோர் ஊசியையும் நடுங்கிக்கொண்டே போட்டாள். இன்னொரு முறை அப்படிப்பட்ட இடத்தில் மாட்டினால் படிப்பையே விட்டுவிடுவாள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

“திருப்பித் திருப்பிக் கேட்டா கூடவா சார்?”

“கேக்கறவங்களுக்குப் புரியற வரைக்கும் சொல்றதுதான் எங்க வேல. சொல்லிச் சொல்லி எங்களுக்கும் மறக்காம இருக்கும்ல?”

அப்போதுதான் வெண்ணிலா அதைக் கவனித்தாள். அருள்முருகனுக்குப் பின்னால் நின்று பஞ்சு மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் ரோசம்மாளின் உதடுகளும் அவரோடு சேர்ந்தே அசைந்தன. ஒரு சொல் பிசகவில்லை. ‘மறக்காம இருக்கும்ல’ என்ற இடத்தில் அவர் புருவத்தை உயர்த்த, இவளும் உயர்த்தினாள்.

வெண்ணிலாவின் மனம் சட்டென்று சுருங்கியது. அப்படியானால் இது எழுதிவைத்துப் படித்த பதில். இடம் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இதையே ஒப்பிக்கிறார்கள். நர்ஸுக்குக்கூட மனப்பாடமாகும் அளவுக்கு!

“இன்னா டாக்டரம்மா, சார் பதிலு புடிச்சிருக்கா?” என்று சிரித்தாள் ரோசம்மாள். “இல்லன்னா வேற ஒண்ணு சொல்லச் சொல்லட்டா?”

அருள்முருகன் திரும்பி அவளை முறைப்பதுபோல் பார்த்துவிட்டு, “இப்ப நான் ஒண்ணு கேக்கறேன் வெண்ணிலா,” என்றார். “இன்னிக்கு என்ன கிழம?”

கல்லூரியை எடைபோட வந்தவளையே எடைபோடுகிறாரா? இதெல்லாம் ஒரு கேள்வியா?

“வியாழன்.”

“மாதாவே! சொல்லிட்டாங்க சார்!” ரோசம்மாள் கையிலிருந்த பஞ்சைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள்.

கிழமை சொன்னதற்குக் கைதட்டல். வந்தவர்களைக் குளிர்வித்து அனுப்ப நாடகம்கூடப் பழகியிருக்கிறார்கள் என்று வெண்ணிலாவுக்குக் கசந்தது. நேராகவே கேட்டுவிட்டாள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொன்ன பதில் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்ச மாதிரி இருக்கு.”

அருள்முருகன் புன்னகைத்தார். ரோசம்மாள்தான் முந்திக்கொண்டாள்.

“மனப்பாடந்தாம்மா! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நானே சொல்லுவேன்.”

ஒப்புக்கொண்டே விட்டார்கள். வெண்ணிலா மனத்துக்குள் இந்தக் கல்லூரியின் பெயரை அடித்தாள். சென்னையே போதும். அங்கே திட்டுவார்கள், ஆனால் நடிக்கமாட்டார்கள்.

திரைச்சீலை விலகியது. குமரவேல் உள்ளே வந்தான். முழங்கையில் பெரிய கட்டு, சட்டையெல்லாம் புழுதி.

“அண்ணே! இன்னா ஆச்சு உனக்கு?”

அவன் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு டாக்டரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

“ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. நெனவு தெளிஞ்சிட்டு வருது. இப்ப நீங்களே சொல்லலாம்.”

குமரவேல் கட்டிலின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“எனக்கு இன்னா ஆச்சா? ரோட்டுல காயப்போட்ட நெல்லுல வண்டி வழுக்கி, நீ தலை அடிபட வுழுந்தடி. உன்ன ஸ்ட்ரெச்சர்ல கொண்டாந்து இங்க படுக்க வச்சதுலேர்ந்து, ‘திரும்பக் கேட்டா எரிஞ்சு விழுவாங்களா’ன்னு இந்த ஒரே கேள்வியத்தான் கேக்கற. பதில் சொன்னா மறந்துடற, மறுபடியும் கேக்கற. கூடப் பொறந்த எனக்கே எரிச்சலாகி வெளிய போய் நின்னுட்டேன். அந்த மனுசன் மட்டும் ஒவ்வொரு வாட்டியும், நீ மொத மொதல்ல கேக்கற மாதிரியே பதில் சொல்லிட்டிருக்காரு!”

வெண்ணிலா நெல்மணிகளை உள்ளங்கைக்குள் இறுக மூடிக்கொண்டாள்.

“நாளைக்கு நான் இதையும் மறந்துட்டாக்கூட நீ மறக்காதண்ணே,” என்றாள். “இந்தக் காலேஜத்தான் பூட்டணும்.”